பாலுக்குப் பதிலாகத் தயிர்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில், மனையியல் பயின்ற பழைய மாணவிகள் சிலர் சேர்ந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரியின் வரலாற்றையும் அதிபர்களின் சேவையையும் பற்றிப் பேச எங்களிலும் தகுந்தவர்கள் இந்தச் சபையில் இருக்கிறார்கள். சங்கம் எங்களிடம் கேட்டது வேறு. "மனையியல் படித்த நீங்கள், எல்லோரும் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கோ. இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம்" என்றார்கள். ஆகவே நாங்கள் ஒரு ஸ்கோனைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதிலும் ஒரே ஒரு மாற்றத்தைப் பற்றித்தான். இனிப்பு ஸ்கோனுக்கு மா குழைக்கும்போது பாலுக்குப் பதிலாகத் தயிரை விடுங்கள். கூடவே கால் தேக்கரண்டி அப்பச்சோடா சேருங்கள். அவ்வளவுதான். ஸ்கோன் பஞ்சுபோல வரும்.

இதற்கு எதற்கு ஒரு பேச்சு, ஒரு துண்டுக் கடதாசி போதாதா என்று முன்வரிசை அக்கா ஒருவர் சிரிப்பது தெரிகிறது. கடதாசி போதும்தான். ஆனால் செய்முறை மட்டும் தெரிந்தவளுக்கு, அந்தச் செய்முறையில் உள்ள பொருள் கிடைக்காத நாளில் கை கட்டிப்போகும். காரணம் தெரிந்தவளுக்கு எந்த ஊர் அடுப்பும் ஒன்றுதான். எங்கள் பழைய மாணவிகள் இன்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மட்டுமல்ல, ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் சிட்னியிலும் அடுப்பு மூட்டுகிறார்கள். மாவும் வேறு, பாலும் வேறு, போறணையும் வேறு. அதனால்தான் காரணத்தோடு சொல்ல விரும்புகிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் காலத்திலேயே மனையியல் என்றால் "கணக்கு ஓடாத பிள்ளைகள் எடுக்கிற பாடம்" என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு இன்னும் போகவில்லை என்று இப்போது படிக்கிற தங்கைமார் எங்களிடம் சொன்னார்கள். இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் சோதனைக்குழாய்க்குள் அமிலத்தையும் காபனேற்றையும் சேர்த்தால் அது விஞ்ஞானம். அதே அமிலத்தையும் அதே காபனேற்றையும் மாவுக்குள் சேர்த்தால் அது சமையல். இந்தப் பாகுபாட்டை யார் செய்தார்கள் என்று எங்களுக்கு விளங்கவில்லை. ஒரு ஸ்கோனை வைத்துக்கொண்டு அதைக் கொஞ்சம் கேள்வி கேட்கலாம் என்று நினைத்தோம்.

முதலில் ஸ்கோன் எங்கேயிருந்து வந்தது என்று பார்ப்போம். அது ஸ்கொட்லாந்தின் பண்டம். அந்தச் சொல் கிடைப்பது 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஸ்கொட்லாந்துக் கவிஞர் காவின் டக்ளஸின் எழுத்தில். அந்தக் காலத்து ஸ்கோன் இன்று நாங்கள் காண்கிற உயரமான வட்டம் அல்ல. ஓட்ஸ் மாவிலோ பார்லி மாவிலோ தட்டையாகத் தட்டி, இரும்புத் தட்டில் சுட்டு, நான்காக வெட்டியது. எங்கள் தோசைக்கல்லுக்கு ஒரு சகோதரி அங்கே இருந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அது உயர்ந்து எழும்பியது 19ஆம் நூற்றாண்டில். 1843இல் பேர்மிங்காமில் அல்பிரெட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் ஒரு பேக்கிங் பவுடரைச் செய்தார். அவருடைய மனைவிக்கு ஈஸ்ற் ஒத்துக்கொள்ளாது. ஈஸ்ற் இல்லாமல் அவர் உண்ணக்கூடிய ரொட்டி வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை அது. இரண்டு வருடம் கழித்து, 1845இல், பிரிஸ்டலில் ஹென்றி ஜோன்ஸ் தானே பொங்குகிற மாவுக்கு உரிமம் பெற்றார். இன்று கடையில் செல்ஃப் ரெய்சிங் மா என்று வாங்குகிறோமே, அதன் தொடக்கம் அதுதான். ஒரு பொருள் ஒத்துவரவில்லை, அதற்கு ஒரு மாற்றுத் தேடினார்கள், அந்த மாற்று உலகம் முழுக்கப் போனது. சமையலறையில் நடக்கிற மாற்றம் சின்ன விடயம் அல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

எங்கள் நாட்டுக்கு ஸ்கோன் வந்த வழியும் உங்களுக்குத் தெரிந்ததுதான். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்ட ஜேம்ஸ் ரெய்லர் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். தேநீர் இங்கேயிருந்து அங்கே போனது. தேநீரோடு உண்கிற பழக்கம் அங்கேயிருந்து தோட்டத்துப் பங்களாக்களுக்கும், பிறகு எங்களைப் போன்ற பெண்கள் பாடசாலைகளின் சமையல் வகுப்புக்கும் வந்தது. அந்தத் தேநீரின் கொழுந்தைக் கிள்ளிய மலையகத் தாய்மாருக்குப் பங்களாவின் ஸ்கோன் எட்டவில்லை என்பதையும் சொல்லாமல் விட முடியாது. இன்று அவர்களின் பேத்திமாரும் எங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள், இந்த மேசையில் எங்களோடு மா குழைக்கிறார்கள் என்பதில் எங்களுக்குச் சந்தோசம்.

இனி அடுப்படிக்கு வருவோம். எங்கள் அப்பியாசக் கொப்பிகளில் எழுதியிருந்த செய்முறை இதுதான். கோதுமை மா அரை இறாத்தல், அதாவது 225 கிராம். பேக்கிங் பவுடர் 3 தேக்கரண்டி. உப்பு கால் தேக்கரண்டி. பட்டர் 50 கிராம். சீனி 2 மேசைக்கரண்டி. பிளம்ஸ் ஒரு கைப்பிடி. பால் 150 மில்லிலீற்றர். இதில் பிழை ஒன்றும் இல்லை. சுடச்சுட உண்டால் நல்லாய்த்தான் இருக்கும். ஆனால் ஒரு மணித்தியாலம் கழிந்தால் இறுகும். பின்னேரம் தேநீர் மேசைக்கு வரும்போது, கடித்தால் வாயெல்லாம் மாவாகி, இன்னொரு கோப்பை தேநீர் கேட்கும். விற்பனைக்கு வைத்தால், தட்டில் பாதி கடித்த ஸ்கோன்களோடு மேசையைத் துடைக்க வேண்டி வரும்.

இறுகுகிறது என்றவுடன் பெண்கள் வழமையாகச் செய்கிற வைத்தியங்கள் மூன்று. முதலாவது, பேக்கிங் பவுடரைக் கூட்டுவது. கூட்டினால் ஸ்கோன் விரைவாக எழும்பும், ஆனால் அடித்தளம் இல்லாத வீடுபோல அமர்ந்துவிடும். நாக்கில் ஒரு கசப்பும் நிற்கும். இரண்டாவது, பட்டரைக் கூட்டுவது. அது பிஸ்கற் பக்கம் போய்விடும். உதிரும், ஆனால் எழும்பாது. செலவும் கூடும். மூன்றாவது, முட்டை சேர்ப்பது. நிறம் வரும், கேக்கின் சாயலும் வரும். ஆனால் முட்டை புழங்காத வீடுகள் எங்களில் எத்தனையோ உண்டு. வெள்ளிக்கிழமையில் தேநீர் விருந்து என்றால் என்ன செய்வது?

இந்த மூன்றும் கூட்டல் வைத்தியம். நாங்கள் சொல்வது மாற்று வைத்தியம். பேக்கிங் பவுடரை 3 தேக்கரண்டியிலிருந்து 2 ஆகக் குறையுங்கள். அந்த இடத்துக்குக் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவை மட்டமாக அளந்து போடுங்கள். பாலை எடுத்து வைத்துவிட்டு, 100 கிராம் கட்டித் தயிரை 50 மில்லிலீற்றர் குளிர்ந்த தண்ணீரில் நன்றாக அடித்து, அந்தக் கலவையை விடுங்கள். மற்ற எல்லாம் முன்போலவே. சட்டித் தயிர் என்றால் இன்னும் விசேஷம். எருமைத் தயிரில் கொழுப்புக் கூட, ஆகவே மென்மையும் கூட. தயிர் மிகவும் கட்டியாக இருந்தால் தண்ணீரை இன்னொரு மேசைக்கரண்டி கூட்டலாம்.

மோர் விடலாமா என்று பலர் கேட்டார்கள். விடலாம். ஆனால் எங்கள் வீட்டு மோர் என்பது தயிரில் பாதிக்கு மேல் தண்ணீர் சேர்த்தது. அதற்குப் புளிப்புப் போதாது. வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப் போட்ட மோரைத் தயவுசெய்து குடித்துவிடுங்கள், ஸ்கோனுக்கு விடாதீர்கள்.

இப்போது காரணம். அப்பச்சோடா என்பது சோடியம் இருகாபனேற்று. தயிரின் புளிப்பு இலற்றிக் அமிலம். இரண்டும் ஈரத்தில் சந்தித்தவுடன் காபனீரொட்சைட்டு வாயு வெளிவரும். அந்த வாயுக் குமிழிகள்தான் மாவைத் தூக்குகின்றன. பாலில் அந்தப் புளிப்பு இல்லை. ஆகவே பாலோடு அப்பச்சோடாவை மட்டும் போட்டால், வேலை முடியாத சோடா மிஞ்சிநின்று சவர்க்காரச் சுவை தரும், ஸ்கோனில் மஞ்சள் புள்ளியும் விழும். சோடாவுக்கு ஒரு புளிப்புத் துணை வேண்டும். ஏறக்குறைய 240 மில்லிலீற்றர் மோருக்கு அரைத் தேக்கரண்டி சோடா என்பது பேக்கிங் செய்பவர்களின் பொதுவான கணக்கு. எங்கள் 150 மில்லிலீற்றருக்குக் கால் தேக்கரண்டி சரியாக அடங்கும். தயிர் மிஞ்சினால் கொஞ்சம் புளிக்கும், பரவாயில்லை. சோடா மிஞ்சக்கூடாது.

இது அந்நியப் பாடம் என்று நினைக்க வேண்டாம். நாங்கள் அதை எந்தப் பெயரால் அழைக்கிறோம் என்று கவனித்தீர்களா? அப்பச்சோடா. அப்பத்துக்கு மாவைக் கரைத்து, கள்ளு விட்டோ பழம்புளிப்பு விட்டோ இரவு முழுக்கப் புளிக்க வைத்து, காலையில் சுடமுன் ஒரு சிட்டிகை சோடாவைக் கலக்கிய அம்மம்மாவுக்கு இரசாயனவியல் யாரும் கற்பிக்கவில்லை. புளித்த மாவும் சோடாவும் சந்தித்தால் அப்பத்தின் நடுவில் கண் கண்ணாக ஓட்டை விழும் என்று அவவுக்குத் தெரியும். அயர்லாந்துத் தாய்மாரும் இதைத்தான் செய்தார்கள். வெண்ணெய் கடைந்த பின் மிஞ்சிய புளித்த மோரைச் சோடாவோடு சேர்த்து, ஈஸ்ற் இல்லாமல் ரொட்டி சுட்டார்கள். அப்பமும் சோடா ரொட்டியும் தயிர் ஸ்கோனும் ஒரே வகுப்பில் இருந்து படித்த பிள்ளைகள்.

வாயு மட்டும்தான் காரணம் என்றும் இல்லை. கோதுமை மாவில் தண்ணீர் பட்டு, கை பட்டவுடன் குளுட்டன் என்ற புரத வலை உருவாகும். பாணுக்கு அது வேண்டும், ஸ்கோனுக்கு வேண்டாம். வலை இறுகினால் ஸ்கோன் இறப்பர்போல இழுபடும். தயிரின் புளிப்பு அந்த வலையை இளக்கி வைக்கிறது. அதோடு தயிர் தடிப்பானது என்பதால், மாவு கையில் ஒழுகாமலே ஈரத்தைக் கூடப் பிடிக்கும். அந்த ஈரம் போறணையின் சூட்டில் ஆவியாகி, உள்ளேயிருந்து இன்னும் கொஞ்சம் தூக்கும். அடுத்த நாளும் ஸ்கோன் வறண்டுபோகாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

சுவையையும் சொல்ல வேண்டும். இனிப்பு ஸ்கோனுக்குத் தயிர் விட்டால் புளிக்காதா என்று கேட்பார்கள். புளிப்பின் பெரும்பகுதி சோடாவோடு முடிந்துவிடும். மிஞ்சுகிற சிறு புளிப்பு, பாயாசத்தில் ஒரு கல் உப்புப்போல, இனிப்பைத் தூக்கிக் காட்டும். ஆகவே 2 மேசைக்கரண்டிச் சீனியே போதும். எட்டு ஸ்கோன் வந்தால், ஒன்றுக்கு 4 கிராம் அளவு. ஆனால் இலேசான ஸ்கோன் என்று நாங்கள் சொல்வது பதத்தை. சீனி வருத்தத்துக்கு நல்லது என்று அர்த்தம் எடுத்து நாலு ஸ்கோன் உண்டுவிட்டு எங்களைக் குறை சொல்லாதீர்கள்.

இனிக் கைவேலை. தயிர் எவ்வளவு உதவினாலும் கை கெடுத்தால் கெட்டதுதான். எங்கள் ஆசிரியை ஒருவர் மேசை மேசையாக வந்து சொல்வது, "பிள்ளை, மாவைக் கனக்கத் தொடாதே, அது உன்ரை சொந்தக்காரர் இல்லை" என்பதுதான். எங்கள் நாட்டு வெக்கையில் முதல் எதிரி பட்டர் இளகுவது. பட்டர் 32 முதல் 35 பாகை செல்சியஸ் அளவில் உருகிவிடும். எங்கள் அடுக்களையின் சூடு அதற்கு மிகத் தூரத்தில் இல்லை. ஆகவே பட்டரைச் சிறு துண்டுகளாக வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அரிதட்டில் அரித்த மாவையும் அரை மணித்தியாலம் அங்கேயே வையுங்கள். பிறகு உள்ளங்கை படாமல், விரல் நுனிகளால் மட்டும், பாண் துகள்போல வரும்வரை உதிர்த்துவிடுங்கள். சீனியையும் பிளம்ஸையும் சேருங்கள்.

தயிர்க் கலவையை விடுமுன் போறணை 220 பாகையில் சூடாகியிருக்க வேண்டும். காற்றாடி உள்ள போறணை என்றால் 200 போதும். இது மிக முக்கியம். தயிரும் சோடாவும் சந்தித்த நிமிடத்திலிருந்து வாயு போகத் தொடங்கிவிடும். பேக்கிங் பவுடரின் ஒரு பங்கு போறணைச் சூட்டுக்காகக் காத்திருக்கும், சோடா காத்திருக்காது. குழைத்து வைத்துவிட்டுத் தொலைபேசியில் கதைக்கப் போனால், திரும்பி வரும்போது அந்த எழுச்சி காற்றோடு போயிருக்கும்.

கலவையை ஒரே தடவையில் விட்டு, மேசைக் கத்தியால் கிளறுங்கள். ஒன்று சேர்ந்தவுடன் மா தூவிய பலகையில் கொட்டி, நாலைந்து தடவை மெதுவாக மடியுங்கள், போதும். மேல் கரடுமுரடாக இருந்தால் இருக்கட்டும். உருளைக்கட்டை வேண்டாம், கையால் ஓர் அங்குலத் தடிப்புக்குத் தட்டுங்கள். 5 சென்ரிமீற்றர் வட்டத்தை மாவில் தோய்த்து, நேராகக் கீழே அழுத்தி நேராகவே தூக்குங்கள். திருகாதீர்கள். திருகினால் ஓரம் ஒட்டுப்பட்டு, ஒரு பக்கம் சாய்ந்து எழும்பும். தட்டில் ஒன்றுக்கொன்று நெருக்கமாக அடுக்குங்கள். பக்கத்தில் இடமில்லாவிட்டால் மேலேதானே போக வேண்டும். மேலே மட்டும் பால் தடவுங்கள், பக்கங்களில் வழியவிடாதீர்கள். 12 முதல் 15 நிமிடம். எடுத்தவுடன் ஒரு சுத்தமான துணியால் மூடி ஆறவிட்டால் மேல்தோல் மிருதுவாக இருக்கும்.

வெளிநாட்டிலுள்ள சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் பட்டர்மில்க் என்று கடையில் இருப்பது எங்கள் மோர் அல்ல, புளிக்க வைத்த தடித்த பால். 150 மில்லிலீற்றரை அப்படியே விடலாம். ஜேர்மனியில் புட்டர்மில்ஹ், நோர்வேயில் குல்தூர்மெல்க், டென்மார்க்கில் கார்னமெல்க், பிரான்சில் லே ரிபோ என்று தேடுங்கள், எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றும் கிடைக்காவிட்டால், 150 மில்லிலீற்றர் பாலில் 2 தேக்கரண்டி தேசிக்காய்ப் புளி விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள், திரைந்துவரும். பால் சேர்க்காதவர்கள் தேங்காய்ப்பாலில் இதையே செய்து, பட்டருக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பில் செய்த மாஜரினைப் போடலாம்.

மாவையும் கவனியுங்கள். இங்கிலாந்துச் சாதாரண மாவில் புரதம் 10 வீதம் அளவில்தான். கனடாவில் எல்லாத் தேவைக்கும் என்று விற்கிற மாவில் 13 வீதம் அளவுக்கு இருக்கும். அதனால்தான் லண்டனில் வந்த ஸ்கோன் ரொறன்ரோவில் வரவில்லை என்று அக்காமாரும் தங்கைமாரும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்கிறார்கள். குறை கையில் இல்லை, மாவில். 225 கிராமில் 30 கிராம் மாவை எடுத்துவிட்டு, அதேயளவு கோன் ஃபிளவர் சேர்த்தால் சரிவரும். செல்ஃப் ரெய்சிங் மா பாவிப்பவர்கள் பேக்கிங் பவுடரை விட்டுவிட்டு ஒரு பெரிய சிட்டிகை சோடாவும் தயிரும் மட்டும் சேர்த்தால் போதும்.

அவுஸ்திரேலியாச் சகோதரிகள் தங்களிடம் இதைவிடச் சுலபமான வழி உண்டு என்று சொல்வார்கள். அதுவும் உண்மை. செல்ஃப் ரெய்சிங் மா 3 கோப்பை, கிறீம் ஒரு கோப்பை, வாயு நிறைந்த லெமனேட் ஒரு கோப்பை, அவ்வளவுதான். கிறீமின் கொழுப்புப் பட்டரின் வேலையைச் செய்யும். லெமனேட்டின் சீனி இனிப்பைத் தரும், அதன் வாயுவும் புளிப்பும் கைகொடுக்கும். பெயர் வேறு, காரணம் ஒன்றேதான். ஆனால் கனடாவில் லெமனேட் என்றால் பெரும்பாலும் வாயு இல்லாத தேசிக்காய்த் தண்ணீர். அதை விட்டுவிட்டு ஏன் எழும்பவில்லை என்று கேட்க வேண்டாம்.

காரணம் தெரிந்திருப்பது எப்போது உதவும் என்று கேட்டால், இந்த நாட்டில் வாழ்ந்த எங்களுக்குப் பதில் தூரத்தில் இல்லை. 1990களில் வடக்கில் மின்சாரம் இல்லாமல், பொருள் தட்டுப்பாட்டோடு வருடக்கணக்கில் வாழ்ந்தவர்கள் இந்தச் சபையில் இருக்கிறார்கள். சட்டிக்குள் மணல் பரப்பி, கீழே நெருப்பும் மூடியின் மேலே தணலும் வைத்துக் கேக் சுட்டவர்கள் அவர்கள். 2022இல் நாடு முழுவதும் பால்மாவுக்கும் காஸ் சிலிண்டருக்கும் வரிசையில் நின்றோம். அந்த நாட்களில் வெளிநாட்டுப் பால்மா இல்லாவிட்டாலும் ஊர்த் தயிர் எங்கேயாவது கிடைத்தது. போறணை மூட்ட முடியாவிட்டாலும் தோசைக்கல் இருந்தது.

ஆகவே போறணை இல்லாதவர்களுக்கும் சொல்கிறோம். இதே மாவை அரை அங்குலத் தடிப்புக்குத் தட்டி, முக்கோணமாக வெட்டுங்கள். தோசைக்கல்லை மெல்லிய நெருப்பில் சூடாக்கி, ஒரு சிட்டிகை மாவைத் தூவிப் பாருங்கள். மெதுவாகப் பழுப்பு நிறமானால் பதம், உடனே கருகினால் நெருப்புக் கூட. ஸ்கோன்களை வைத்து மூடி, ஒரு பக்கம் ஐந்து ஆறு நிமிடம், திருப்பி மற்றப் பக்கமும் அப்படியே. ஸ்கொட்லாந்தில் ஸ்கோன் பிறந்த விதமே இதுதான். இதைக் குறைந்த வழி என்று யாரும் நினைக்க வேண்டாம். மூலவழி என்று சொல்லிப் பெருமையோடு பரிமாறுங்கள்.

மேலே என்ன தடவுவது என்பதில் இங்கிலாந்திலேயே சண்டை உண்டு. டெவன்காரர் முதலில் கிறீம், அதற்கு மேலே ஜாம் என்பார்கள். கோர்ன்வால்காரர் முதலில் ஜாம், பிறகு கிறீம் என்பார்கள். நாங்கள் இரண்டு பக்கமும் சேராமல், விளாம்பழ ஜாமையும், துணியில் கட்டித் தொங்கவிட்டு வடித்த தயிரையும் வைக்கிறோம். கித்துள் பாணி கொஞ்சம் விட்டால் பேச்சே இல்லை.

இறுதியாக எங்கள் வேண்டுகோள். வீட்டில் இருந்தபடி கேக்கும் சிற்றுண்டியும் செய்து விற்றுப் பிள்ளைகளைப் படிப்பிக்கிற பழைய மாணவிகள் எங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பட்டர் விலை ஏறுவதும், பின்னேரம் ஸ்கோன் இறுகி மிஞ்சுவதும் பொழுதுபோக்குப் பிரச்சினை அல்ல. ஒரு பொருள் ஏன் தன் வேலையைச் செய்கிறது என்று தெரிந்தால், விலை ஏறும்போது எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக்கூடாது என்று அவர்களே தீர்மானிக்கலாம். அந்தத் தீர்மானத்தைச் செய்யும் ஆற்றலைத்தான் கல்வி என்கிறோம்.

ஆகவே, எங்கள் ஆசிரியைகளிடம் பணிவோடு கேட்கிறோம். இந்த நூற்றாண்டு ஆண்டில் ஒரு நாளாவது மனையியல் வகுப்பும் இரசாயனவியல் வகுப்பும் ஒரே மேசையில் நடக்கட்டும். ஒரே மா, ஒரே பட்டர், ஒரே போறணை. ஒரு தட்டுக்குப் பால், மற்றத் தட்டுக்குத் தயிரும் சோடாவும். பிள்ளைகள் அடிமட்டத்தால் உயரத்தை அளக்கட்டும். சுட்டவுடன் ஒன்றையும், நாலு மணித்தியாலம் கழித்து ஒன்றையும் பிட்டுப் பார்த்துக் கொப்பியில் எழுதட்டும். அந்த வகுப்புக்கு வேண்டிய மாவையும் தயிரையும் எங்கள் குழு தரும். வெளிநாட்டுக் கிளைகள் தங்கள் தேநீர் மேசையிலும் இதையே செய்து, தங்கள் ஊர் மாவில் எப்படி வந்தது என்று பிள்ளைகளுக்கு எழுதி அனுப்பலாம். ரொறன்ரோ மாவுக்கும் கொழும்பு மாவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை தன் விரல்நுனியால் படித்தால், அந்தப் பாடத்தை இனி யாரும் சின்னப் பாடம் என்று சொல்ல மாட்டார்கள்.

வெளி மண்டபத்தில் இரண்டு தட்டு வைத்திருக்கிறோம். எது பால், எது தயிர் என்று நாங்கள் சொல்லப் போவதில்லை. உண்டு பார்த்து நீங்களே சொல்லுங்கள். தேநீரும் சூடாக இருக்கிறது.